அப்பாவுக்கு ஷேவர் வாங்க வேண்டும், மூன்று தலை மெஷின் சரிப்படுமா?

தோட்டத்துக் கிராணி, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்து வீட்டை விட்டுப் பட்டணத்து ஓரத்துக்கு வந்துவிட்டோம். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு இதய வால்வு மாற்றினார்கள். உலோக வால்வு, அதனால் ஆயுசுக்கும் வார்ஃபரின் மாத்திரை. ரத்தம் லேசில் உறையாது, வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அதே பழைய ரேசரில் புது பிளேடு மாட்டினார்.

போன தீபாவளிக் காலையில் தாடையில் கடுகளவு ஒரு வெட்டு. முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. அம்மா காப்பித்தூளை அப்ப, நான் துண்டை வைத்து அழுத்த, புது ஜிப்பாவின் கழுத்துப் பட்டி முழுக்கச் சிவப்பு. பண்டிகைக்கு வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அன்றைக்கே ரேசரை ஒளித்து வைத்தேன்.

அப்புறம் பாசார் மாலாமில் (ராத்திரிச் சந்தையில்) 39 வெள்ளிக்கு (ரிங்கிட்) மூன்று தலை சுழலும் மெஷின் ஒன்று வாங்கினேன். பெயர் இல்லாத சரக்கு. முதல் நாளே அப்பா, "முடியை வெட்டுதா பிடுங்குதா?" என்று கத்தினார். எப்படியோ இடது கன்னத்தை முடித்தோம். வலது பக்கம் தொடங்கும்போது மெஷின் இருமியது, நின்றது. சார்ஜரைச் சொருகினால் விளக்கு மட்டும் எரிகிறது, தலை சுற்றவில்லை. அன்று காலை ரத்தப் பரிசோதனைக்கு நாள். ஒளித்து வைத்த ரேசர் எங்கே என்று அப்பா கேட்க, நான் சொல்ல மறுக்க, கடைசியில் அரை முகத் தாடியோடு முகக்கவசம் மாட்டிக்கொண்டு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். என்னோடு இரண்டு நாள் பேச்சு இல்லை.

இப்போது நல்லதாக ஒன்று வாங்க நினைக்கிறேன். அப்பாவுக்குத் தாடி கம்பி மாதிரி. கழுத்தில் இடது பக்கம் ஒரு சுழி, முடி நாலா பக்கமும் முளைத்திருக்கும். செவ்வாய், வெள்ளி சவரம் செய்ய மாட்டார். மற்ற நாளிலும் மனசு வைத்தால்தான், சில சமயம் நாலு நாள் ஆகிவிடும். சுழலும் மெஷின் நல்லதா, தகடு வைத்த மெஷினா? 200 வெள்ளிக்குள் முடியுமா?

குளுவாங் பையன்

தகடு மெஷின்தான் பிரதர், யோசிக்கவே வேண்டாம். ஐந்து வருஷமாகத் தினமும் வேலைக்குப் போகும் முன் நான்கு நிமிஷம், கன்னம் மழமழவென்று இருக்கும். சுழலும் மெஷினில் அந்த ஒட்ட எடுக்கிற வேலை நடக்காது.

பழைய கத்தி, தைப்பிங்

தம்பி, நாற்பது வருஷம் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவன் நான். கத்திக்காரன் மெஷினுக்குப் பரிந்து பேசுகிறான் என்று சிரிக்காதே. வார்ஃபரின் சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் கடையில் நான் கத்தியைத் திறக்கவே மாட்டேன்.

குளுவாங் பையன் சொல்வது அவர் தாடிக்குச் சரி. தகடு மெஷினில் உள்ளே இருக்கிற கத்தி பக்கவாட்டில் ஆடும், நேராக இழுக்க வேண்டும். தினமும் எடுக்கிற, ஒரே பக்கம் படிந்த தாடிக்கு அது ஒட்ட எடுக்கும். உன் அப்பாவுக்குக் கழுத்தில் சுழி, அதோடு நாள் தவறிய முடி. அதற்குச் சுழல் மெஷின்தான். கத்தி வட்டமாகச் சுற்றுவதால் முடி எந்தப் பக்கம் முளைத்திருந்தாலும் ஏதாவது ஒரு சுற்றில் மாட்டும்.

இந்தச் சாமான் நேற்று வந்தது இல்லை. 1939-இல் ஹாலந்தில் பிலிப்ஸ் கம்பெனி எஞ்சினியர் அலெக்சாந்தர் ஹோரோவிட்ஸ் செய்தது. முதலில் ஒற்றைத் தலைதான். 1951-இல் இரட்டைத் தலை, மூன்று தலை 1966-இல். எங்கள் அப்பா துரை பங்களாவுக்கு முடிவெட்டப் போகும்போது மேசைமேல் ஒற்றைத் தலை மெஷினைப் பார்த்துவிட்டு வந்து, "இனி நம்ம பொழைப்பு அவ்வளவுதான்" என்றாராம். அதற்குப் பிறகும் அவர் இருபது வருஷம் கத்தி பிடித்தார்.

மெஷின் எப்படி வெட்டுகிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். வெளியே தெரிகிற வட்ட வில்லை ஒரு காவல். அதில் மெல்லிய கீறல்கள் இருக்கும். முடி கீறலுக்குள் நுழைந்தால், அடியில் சுற்றுகிற கத்தி அதைக் கீறலின் விளிம்போடு சேர்த்துக் கத்திரிக்கோல் மாதிரி நறுக்கும். நான்கு நாள் முடி கீறலுக்குள் நுழையாது, மடங்கிப் படுத்துக்கொள்ளும். நுழைந்தாலும் பாட்டரி இறங்கிய மெஷின் பாதி வெட்டி மீதியை இழுக்கும். உன் அப்பா கத்தியது நியாயம்தான்.

முடி வளர்ந்திருந்தால் முதலில் பின்பக்கம் இருக்கிற டிரிம்மரால் குறைத்துவிடு, பிறகு சுழல் தலை. செவ்வாய் வெள்ளியை விட்டாலும் நடுவில் ஒரு நாள்தானே இடைவெளி? திங்கள், புதன், வியாழன், சனி என்று பழக்கிவிட்டால் டிரிம்மரே தேவைப்படாது. சாஸ்திரமும் கெடாது.

கை எப்படிப் போக வேண்டும்? ரேசர் மாதிரி மேலிருந்து கீழே இழுக்கக் கூடாது. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஐம்பது காசு அளவுக்குச் சின்னச் சின்ன வட்டம். அழுத்தவே கூடாது. அழுத்தினால் தோல் கீறலுக்குள் பிதுங்கும், எரிச்சல் அங்கேதான் பிறக்கும். கழுத்தை முதலில் முடி. ஓட ஓட மெஷின் தலை சூடேறும், மென்மையான இடத்துக்குக் குளிர்ந்த தலைதான் நல்லது.

நம்ம ஊர் வெக்கையில் இன்னொன்று. வேர்த்த முகத்தில் மெஷின் ஒட்டிக்கொண்டு நகராது. குளிப்பதற்கு முன், முகத்தைக் கழுவி நன்றாகத் துடைத்து, கொஞ்சம் குட்டிக்கூரா பவுடர் தடவி, ஃபேனுக்குக் கீழே உட்கார வை.

தோல் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரம் சிவக்கும், இங்கே அங்கே முடி நிற்கும். அப்போதுதான் எல்லாரும் மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளேடுக்குத் திரும்புவார்கள். நடுவில் ஒரு தடவை பிளேடு போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

வயர்மேன், சிம்மோர்

பெரியவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். இந்த மெஷின்களில் பலதுக்கு இரண்டு கால் பிளக்தான் வரும். நம்ம வீட்டு சொக்கெட் மூன்று ஓட்டை. மேல் ஓட்டையில் எதையாவது விட்டால்தான் கீழ் இரண்டின் கதவு திறக்கும், அதனால் ஆளாளுக்குப் பேனாவைக் குத்திச் சொருகுவார்கள். நானும் சின்னப் பிள்ளையில் செய்தவன்தான். இப்போது வீடு வீடாகக் கருகிய சொக்கெட்டைக் கழற்றுகிறவனும் நானே. இரண்டு கால் அதில் சரியாக உட்காராது, உள்ளே பொறி தட்டிச் சூடேறும். ஷேவருக்கென்று 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த அடாப்டர் விற்கிறது, தரச் சான்றுக்கான சிரிம் ஸ்டிக்கர் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், சார்ஜரில் போட்டால் சுற்றவில்லை என்றீர்களே. நல்ல கம்பெனி மெஷினிலும் தண்ணீரில் பயன்படுத்தக்கூடிய வகை பலது அப்படித்தான். ஈரக் கையோடு கரண்டில் மாட்டி ஓட்டக் கூடாது என்று வேண்டுமென்றே அடைத்து வைத்திருப்பார்கள். வாங்கும்போது இதைக் கேளுங்கள். பாட்டரி லித்தியம் அயனா என்றும் பாருங்கள். பழைய வகை பாட்டரிக்கு எட்டு மணி நேரம் சார்ஜ், லித்தியத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம்.

வார்டு சிஸ்டர்

கிராணி அண்ணே, மெஷின் முடிவு சரியானது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு நாங்களும் இதைத்தான் சொல்வோம். ஆனால் மெஷினிலும் மருவை உரசினால் ரத்தம் வரும். அப்பா கழுத்தில் மரு, பரு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் விரலால் தடவிப் பாருங்கள். ரத்தம் வந்தால் காப்பித்தூள் வேண்டாம், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. பயந்துபோய் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தோட்டத்துக் கிராணி, சுங்கை சிப்புட்

ஐந்து வாரம் ஆயிற்று. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவில் 189 வெள்ளிக்கு வாங்கினேன். மூன்று தலை, லித்தியம் பாட்டரி, பின்னால் டிரிம்மர். சார்ஜரில் மாட்டினால் ஓடாது, வயர்மேன் சொன்ன வகைதான். அதனால் ஞாயிறு ராத்திரி சார்ஜ் போடுவது இப்போது என் வேலை.

முதல் வாரம் பெரியவர் சொன்னது அப்படியே நடந்தது. கழுத்து சிவந்தது, அப்பா முறைத்தார். பிரச்சினை என்னவென்றால் அழுத்தாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் கை கேட்கவில்லை. தாடையில் வைத்து அரைக்கிற மாதிரி அழுத்துவார். இரண்டாம் வாரம் ஒரு நாள் எனக்கே அலுத்துப்போய், "அப்பா, நீங்க மரம் வெட்டும்போது கத்தி எவ்வளவு ஆழம் போகும்?" என்று கேட்டேன்.

மெஷினை நிறுத்தினார். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி மரத்தைத் தொட்டால் காயம், காயம் பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும், அடுத்த சுற்றுக்கு அங்கே கத்தி போகாது, மண்டோர் வந்து காயத்தை எண்ணுவார் என்று ஐந்து நிமிஷம் விளக்கம். கட்டை விரலை என் முன்கையில் வைத்து எவ்வளவு லேசு என்று இழுத்தும் காட்டினார். பூனை வால் பட்டது மாதிரி இருந்தது. "அதே கைதான் இதுக்கும்" என்றேன். ஒன்றும் பேசவில்லை. மெஷினைப் போட்டார். சத்தமே மாறியது. அதுவரை உறுமியது, அன்றைக்குத்தான் ஒரே சீராக ஓடியது.

இப்போது வாரத்துக்கு நான்கு நாள் பின்கட்டில் ஸ்டூலைப் போட்டு, ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து, பவுடர் பூசிக்கொண்டு உட்காருகிறார். சிவப்பு போய்விட்டது. சுழியில் மட்டும் இரண்டு மூன்று முடி மிஞ்சும். தடவிப் பார்த்தால் பிளேடு போட்ட மழமழப்பு இல்லைதான், அம்மாவுக்கு அதில் குறை. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

பெரியவரிடம் ஒரு சந்தேகம். போன வாரம் மெஷினைக் கழுவ மூன்று தலையையும் கழற்றிச் சோற்றுத் தட்டில் பரப்பிவிட்டு, எந்தக் கத்தி எந்த வில்லைக்கு என்று தெரியாமல் திருப்பி மாட்டினேன். அதிலிருந்து லேசாக ஒரு கரகரப்பு. கெட்டுவிட்டதா? இன்னொரு தொல்லை: தெலுக் இந்தானிலிருந்து வருகிற மாமா, இதைப் பார்த்துவிட்டு, வரும்போதெல்லாம் நானும் போட்டுக்கொள்கிறேன் என்கிறார்.

பழைய கத்தி, தைப்பிங்

கெடவில்லை. ஒவ்வொரு கத்தியும் அதனதன் வில்லையோடு தேய்ந்து பொருந்தியிருக்கும். ஜோடி மாறினால் கொஞ்ச நாள் கரகரக்கும், வெட்டும் மட்டுப்படும், ஓட ஓடச் சரியாகும். இனி ஒரு தலையைக் கழற்றிக் கழுவி மாட்டிய பிறகு அடுத்ததைத் தொடு. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி உதறினால் போதும், துண்டால் துடைக்காதே, பேசின் விளிம்பில் தட்டாதே. வில்லை நெளிந்தால் கதை முடிந்தது. தலைகளை ஓரிரு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். மாடல் எண்ணை இப்போதே எழுதி வை. எஸ்எச்30 எண் தலை கேட்கிற மெஷினில் எஸ்எச்71 தலை ஏறாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் ஒரு செட் வாங்கி ஏமாந்தவன் நான், டப்பா மட்டும்தான் அசல்.

மரம் வெட்டும் கையை வைத்துச் சொல்லிக்கொடுத்தாயே, நாற்பது வருஷத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

வார்டு சிஸ்டர்

மாமாவுக்குக் கொடுக்காதீர்கள் அண்ணே. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், ஹெப்படைட்டிஸ் பி ரத்தத்தில் பரவுகிற நோய். அவரை வேறு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தோட்டத்துக் கிராணி, சுங்கை சிப்புட்

சொல்லிவிட்டேன். மாமா கோபித்துக்கொண்டார். அப்பா மெஷினை எடுத்துப்போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.