பொடுகுத் தலைக்கு ஜோஜோபா எண்ணெய்: தேவையா, வீண் செலவா?

நித்யா_கோவை:
எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தலைக்குத் தேங்காய் எண்ணெய்தான். நானும் முப்பது வயது வரை காலையில் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். இரண்டு வருடமாக உச்சியில் பிசுபிசுப்பு, அரிப்பு, சீவினால் தோள் முழுக்கச் செதில். எண்ணெயை நிறுத்தினால் தோல் இழுத்துப் பிடிக்கிறது. நான்கு மாதமாக ஜோஜோபா போடுகிறேன். தலைக்குக் குளித்துக் காய்ந்த பிறகு நான்கைந்து சொட்டு, விரல் நுனியால் மண்டைத் தோலில் மட்டும். இழுப்பும் இல்லை, பிசுக்கும் இல்லை. விலையைக் கேட்டு மாமியார் திட்டுகிறார். என்றாலும் சொல்கிறேன், முடிக்கு வேண்டுமானால் தேங்காய் எண்ணெய், தோலுக்கு ஜோஜோபாதான்.

காங்கேயம்_செக்கு:
அம்மிணி, மூன்று தலைமுறையாகச் செக்கு ஓட்டுகிற வீடு எங்களுடையது. நான் எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் வெறும் பாசத்தில் பேசவில்லை. 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் எண்ணெய் மூன்றையும் முடியில் வைத்துப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் போவதைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் சின்னது, வளைவில்லாதது, முடித்தண்டுக்குள் இறங்குகிறது. உங்கள் ஜோஜோபா மூலக்கூறில் நாற்பது சொச்சம் கார்பன். அது மேலேயே நிற்கும். மேலே நிற்பதற்கா இவ்வளவு காசு?

நித்யா_கோவை:
மேலே நிற்கத்தானே வாங்கினேன் அண்ணா. நீங்கள் சொல்வது முடிக்கான ஆய்வு. எனக்குத் தொல்லை தோலில்.

மருந்துக்கடை_சேகர்:
அந்த ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக முடிவு பொய்யாகிவிடாது.

ஜோஜோபா பெயருக்குத்தான் எண்ணெய், உண்மையில் திரவ மெழுகு. தேங்காய், நல்லெண்ணெய் எல்லாம் டிரைகிளிசரைடு, அதாவது மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த சாதாரணக் கொழுப்பு. இது மெழுகு எஸ்டர், மெழுகில் இருக்கும் வேறு வகைச் சேர்மம். அதனால்தான் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை. ‘நம் தோலில் சுரக்கும் எண்ணெயும் இதுவும் ஒன்றே’ என்று பாட்டிலில் எழுதுகிறார்களே, அது மிகை. நம் தோல் எண்ணெயில் மெழுகு எஸ்டர் கால் பங்குதான். மீதியில் பெரும்பகுதி டிரைகிளிசரைடும் கொழுப்பு அமிலங்களும், அப்புறம் ஸ்குவாலீன் என்ற இன்னோர் எண்ணெய்ப் பொருள்.

பொடுகுக்கு வருவோம். மண்டைத் தோலில் மலசீசியா என்ற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) எல்லாருக்கும் இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை அதனால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. டிரைகிளிசரைடை உடைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். பொடுகுத் தலையில் நாள் கணக்கில் எண்ணெய் ஊறினால் அதற்குத் தீனி போட்ட மாதிரி. நித்யாவுக்கு நிம்மதி கிடைத்ததில் ஜோஜோபாவுக்கு எவ்வளவு பங்கோ, பழைய எண்ணெய்ப் பழக்கத்தை விட்டதற்கும் அவ்வளவு பங்கு இருக்கும்.

காங்கேயம்_செக்கு:
எங்கள் ஆத்தாவுக்கு எழுபது வயதிலும் இடுப்பு வரை முடி. வைத்ததெல்லாம் எண்ணெய்தான், பொடுகு என்ற பேச்சே இல்லை. சந்தைக்காக நேற்று கண்டுபிடித்த சரக்கை வைத்து அதைத் தப்பு என்கிறீர்களா?

வள்ளி_திருச்சி:
தம்பி, நேற்று வந்த சரக்கில்லை அது. அரிசோனா, மெக்சிகோ பக்கம் சொனோரா பாலைவனத்துச் செடி. அங்குள்ள பழங்குடி மக்கள் அந்த விதையை அரைத்துத் தோலுக்கும் தலைக்கும் பூசி வந்தார்கள். அவர்களுக்கும் ஆத்தா உண்டு. 1970களில் அமெரிக்காவில் திமிங்கல எண்ணெய்க்குத் தடை வந்தபோது அதற்கு மாற்றாக இதைத் தேடிப் போனார்கள். இப்போது ராஜஸ்தானிலும் பயிராகிறது.

உங்கள் ஆத்தா எண்ணெய் வைத்ததைச் சொன்னீர்கள், எப்படிக் குளித்தார் என்று சொல்லவில்லையே. என் அம்மா எண்ணெய் தேய்த்தால் ஒரு மணி நேரத்தில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பசை போகத் தேய்த்துவிடுவார். நாங்கள்தான் காலையில் எண்ணெயைத் தடவி, புழுதியிலும் வியர்வையிலும் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை வரை அப்படியே விட்டோம்.

காங்கேயம்_செக்கு:
அது உண்மைதான் அக்கா. ஆத்தா சனிக்கிழமை தவறாமல் சீயக்காய்தான். ஆனால் அப்படிப் பார்த்தால் மாற்ற வேண்டியது குளியலைத்தானே? எண்ணெயை ஏன் மாற்ற வேண்டும்?

நித்யா_கோவை:
குளியலையும் மாற்றினேன் அண்ணா. வாரம் மூன்று முறை அலசுகிறேன். அலசினால் தோல் வறண்டு இழுக்கிறது, அந்த இடத்துக்குத்தான் நான்கு சொட்டு. தேங்காய் எண்ணெயை நான்கே சொட்டு வைத்தும் பார்த்தேன், மறுநாளே அரிப்பு.

சுமதி88:
இதைப் போட்டால் முடி வளருமா? டெங்கு வந்து போன பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒரு தோழி ஜோஜோபா போட்டு நின்றுவிட்டது என்கிறாள்.

மருந்துக்கடை_சேகர்:
வளராது. ஜோஜோபாவாலும் வளராது, தேங்காய் எண்ணெயாலும் வளராது. கடும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டத் தொடங்கும், சில மாதங்களில் பெரும்பாலும் தானாக நிற்கும். நிற்கிற நேரத்தில் கையில் எந்த பாட்டில் இருந்ததோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் தோல் மருத்துவரிடம் போங்கள். பொடுகையும் எந்த எண்ணெயும் குணமாக்காது. நித்யா, திரும்ப வந்தால் அந்த ஈஸ்ட்டை அடக்கும் கீட்டோகொனசோல் ஷாம்பு பற்றிக் கேளுங்கள்.

காங்கேயம்_செக்கு:
சரி அம்மிணி, தோலை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். பின்னலுக்காவது குளிப்பதற்கு முந்தின ராத்திரி தேங்காய் எண்ணெய் வையுங்கள், காதுக்குக் கீழே மட்டும். அப்புறம் கலப்படத்தில் ஏமாறாதீர்கள். சுத்தமான ஜோஜோபா 10 டிகிரி வாக்கில் உறையும் என்கிறார்கள். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும் தண்ணீராக ஓடினால் சந்தேகப்படுங்கள்.

நித்யா_கோவை:
இப்போதே உள்ளே வைத்துவிட்டேன் அண்ணா. காலையில் பார்த்துச் சொல்கிறேன்.