பாஸ்வேர்டு ஹாஷிங் பற்றி எழுதினேன், அக்காவுக்கே புரியவில்லை

முகில்:
ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன், கோடிங் தெரியாதவர்களுக்கென்றே. என் அக்கா மூன்றாவது பத்தியோடு நிறுத்திவிட்டு "நல்லா இருக்கு" என்றாள் (புரியவில்லை என்று அர்த்தம்). முதல் வரி இது: "ஹாஷ் என்பது எந்த நீள உள்ளீட்டையும் நிலையான நீள வெளியீடாக மாற்றும் ஒருவழிச் சார்பு." தப்பு ஒன்றும் இல்லையே? இதற்கு மேல் எளிதாக்கினால் விஷயமே கெட்டுவிடுமோ என்று பயம்.

பழையகோடர்:
தப்பில்லை, ஆனால் அது ஏற்கெனவே தெரிந்தவர் தலையாட்டுவதற்கான வரி. அக்காவுக்கு இன்னும் கேள்வியே வரவில்லை, அதற்குள் விடையைக் கையில் திணித்துவிட்டீர்கள். பாஸ்வேர்டை அப்படியே சேமித்தால் திருடனுக்கு எல்லாம் கிடைத்துவிடும், சேமிக்காமல் விட்டால் நாளை வருபவர் சரியானதைத்தான் அடிக்கிறாரா என்று எப்படிப் பார்ப்பது? இதில் ஆரம்பியுங்கள். அப்புறம் ஒரு பொம்மைக் கணக்கு: பின் நம்பர் 4271 என்றால் இலக்கங்களைக் கூட்டி 14 என்று மட்டும் குறித்துவைக்கிறோம். நாளை வருபவர் அடிப்பதையும் கூட்டி, 14 வந்தால் உள்ளே விடுகிறோம். 14-ஐத் திருடியவனுக்கு அது 4271-தான் என்று கண்டுபிடிக்க வழியில்லை. "ஒருவழி" என்ற சொல் இதற்குப் பிறகு வந்தால் போதும்.

தென்றல்:
7700 அடித்தாலும் 14 தானே வருது, உள்ளே விட்டுடுவீங்களா?

பழையகோடர்:
இதைக் கேட்க வைக்கத்தான் அந்த ஓட்டைக் கணக்கு! வாசகரே ஓட்டையைப் பிடித்த இடத்தில் ஷா-256 என்ற நிஜ ஹாஷ் கணக்கைக் கொண்டுவாருங்கள். எதைக் கொடுத்தாலும் விடை 256 பிட் (0 அல்லது 1) நீளம்தான், ஓர் எழுத்து மாறினாலும் விடை அடையாளமே தெரியாமல் மாறிவிடும், ஒரே விடை தரும் இரண்டு உள்ளீடுகளை இதுவரை யாரும் காட்டியதில்லை. எம்டி5 என்ற பழைய ஹாஷுக்கு 2004-லேயே காட்டிவிட்டார்கள். (பாஸ்வேர்டுக்கு வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிகிரிப்ட் மாதிரி ஹாஷ் ஒன்றுதான் சரி, அது பிறகு.)

சீனு:
உவமை போடும்போது கவனம். நான் ஒருமுறை ஹாஷைப் "பூட்டு" என்று எழுதிவிட்டேன், படித்தவர் "சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேட்டார். சாவியே கிடையாது, சாவி இருந்தால் அது என்கிரிப்ஷன் (மறைத்ததைத் திரும்பத் திறக்கக்கூடிய முறை). அந்த ஒரு சொல்லைச் சரிசெய்யவே இரண்டு பத்தி ஆனது.

முகில்:
மாற்றி எழுதிக் கொடுத்தேன். அக்கா இப்போது "ரெண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வச்சா ஒரே ஹாஷ் வருமே, திருடனுக்குத் தெரிஞ்சிடாதா?" என்கிறாள். சால்ட் (ஹாஷ் போடும் முன் ஒவ்வொருவர் பாஸ்வேர்டோடும் சேர்க்கும் வெவ்வேறு எழுத்துகள்) பற்றி ஆறாவது பத்தியில் எழுதியிருந்தேன், போன தடவை அவள் அதுவரை வரவே இல்லை. சரி, அதை மேலே தூக்கிப் போடுகிறேன்.