புதுப்பிப்பு: அட்ரோபினை எப்போது குறைப்பது?
ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி நஞ்சுக்கான முறிவு மருந்தாகிய அட்ரோபினின் அளவைப் பற்றிய என் முந்தைய பதிவில், கண்பாவை விரிந்ததும் மருந்தை நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை மட்டும் நம்பக் கூடாது. பெரியவர்களுக்கு 1 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கி, நுரையீரலில் இரைச்சல் அடங்கி, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தத்தின் மேல் அளவும் 80-ஐத் தாண்டி, அக்குள் உலரும் வரை கொடுக்க வேண்டும். பின்னர், அதுவரை செலுத்திய மொத்த அளவில் மணிக்கு 10 முதல் 20 விழுக்காட்டைச் சொட்டாகத் தொடர்வது வழக்கம். பிதற்றல், காய்ச்சல், குடல் அசைவின்மை மூன்றும் சேர்ந்தால் அளவு மிஞ்சிவிட்டது. இதே நஞ்சுக்கான மற்றொரு முறிவு மருந்தாகிய பிராலிடாக்சிம் பலன் தருமா என்பது பற்றிய ஆய்வுகளோ இன்னும் முரண்படுகின்றன. அட்ரோபின் தசைத் தளர்ச்சியைத் தீர்க்காது என்பதால், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாத நோயாளிக்குச் செயற்கைச் சுவாசக் கருவியை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.