கடல் செயற்கைக்கோள்: ஆய்வுக்குழுவிடமே இருக்கட்டுமா, சேவை நிறுவனத்திடம் போகட்டுமா?

அலைவரிசை:
இஸ்ரோவின் கடல் கண்காணிப்புச் செயற்கைக்கோளான ஓஷன்சாட்-2இல் இருந்த ஸ்கேட்டரோமீட்டர் 2014 தொடக்கத்தில் நின்றுபோனது. மேகத்தை ஊடுருவிக் கடல்மேல் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவி அது. அடுத்த கருவியுடன் ஸ்கேட்சாட்-1 ஏவப்பட்டது 2016 செப்டம்பரில். அந்த இடைவெளியில்தான் ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. ஐரோப்பாவின் மெட்ஆப் வானிலைச் செயற்கைக்கோள் திட்டத்தைப் பாருங்கள். மூன்று செயற்கைக்கோள்களையும் சேர்த்தே திட்டமிட்டு 2006, 2012, 2018 என்று வரிசையாக அனுப்பினார்கள். தினமும் தேவைப்படும் கருவி என்று தெரிந்தபின் அதன் பணமும் அட்டவணையும் கடல் தகவல்களையும் மீனவர்களுக்கான அறிவிப்புகளையும் தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் போன்ற சேவை நிறுவனத்தின் கைக்குப் போகவேண்டும் என்பது என் கட்சி.

நீரியல்மாணவி:
முழுக்க மறுக்கிறேன் சார். கடல்காற்றை அளந்த அமெரிக்காவின் என்ஸ்கேட் கருவி 1997 ஜூனில், தன்னைச் சுமந்த ஜப்பானிய செயற்கைக்கோள் செயலிழந்தபோது அதோடு போய்விட்டது. இரண்டே வருடத்தில், 1999 ஜூனில், அதே வேலைக்கான குவிக்ஸ்கேட் செயற்கைக்கோளை ஏவியது யார்? நாசா, அதாவது ஆய்வு நிறுவனம். புயல் கணிப்பாளர்கள் பத்து வருடம் அதை நம்பியிருந்தார்கள். நீங்கள் சொல்லும் ஸ்கேட்சாட்-1உம் 371 கிலோ சிறிய செயற்கைக்கோள்தான். ஓஷன்சாட்-3க்காகக் காத்திருக்காமல் இஸ்ரோ அனுப்பியது. பழைய கருவியையே நகலெடுக்கும் நிர்வாகத்திடம் இந்த வேகம் இருக்காது.

அலைவரிசை:
குவிக்ஸ்கேட்டின் முடிவையும் சொல்லுங்கள். 2009 நவம்பரில் ஆன்டெனா சுழல்வது நின்றபோது, அதன் இடத்தை நிரப்ப அமெரிக்காவிடம் மாற்றுச் செயற்கைக்கோள் இல்லை. கணிப்பாளர்கள் 2007லேயே எச்சரித்திருந்தார்கள். ஆய்வுத் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, புயலுக்கு இல்லை.

கோடிக்கரையான்:
நீங்கள் இருவரும் மேலே பறப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். மீன்வள அறிவிப்பு எங்களுக்குத் துறைவாரியாக வருகிறது: எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம். கடல்மேற்பரப்பு வெப்பத்தையும், நுண்பாசிகளின் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்துக் கணிக்கிறார்கள். நன்றாகவே உதவுகிறது. ஆனால் வாடைக்காலத்தில் மேகம் மூடினால் அறிவிப்பே இருக்காது. சொன்ன இடத்துக்குப் போகும்போது நீவாடு, அதாவது நீரோட்டம், மாறி மீன் கூட்டம் நகர்ந்திருப்பதும் உண்டு. டீசல் செலவு எங்களுடையது. வலையில் என்ன விழுந்தது என்று ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. அந்தக் கணக்கு திரும்பிப் போகாமல் கணிப்பு எப்படித் திருந்தும்?

அலைவரிசை:
நான் சொல்வதும் அதைத்தான் அண்ணே. துறைமுகம் துறைமுகமாகப் பிடிப்புக் கணக்கு சேர்ப்பதற்கு யாருக்கும் ஆய்வுக்கட்டுரை கிடைக்காது. அதையே வேலையாகக் கொண்டவர்கள் வேண்டும்.

நீரியல்மாணவி:
கணக்கு வந்த பிறகு? பாக் நீரிணையில் கலங்கல் நீரையும் பச்சையம் என்று சூத்திரம் கூட்டிச் சொல்லிவிடும். கருவியைச் செய்தவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் அதைச் சரிசெய்யலாம். கருவி செய்பவர்கள் அகமதாபாத்தில், சேவை தருபவர்கள் ஹைதராபாத்தில் என்று பிரித்தால் பிழை கோப்பாகவே சுற்றிக்கொண்டிருக்கும்.

அலைவரிசை:
சரி, ஆய்வாளர்களை அங்கேயே உட்காரவையுங்கள். அடுத்த செயற்கைக்கோளுக்கான கையெழுத்து மட்டும் சேவை நிறுவனத்திடம் இருக்கட்டும்.

நீரியல்மாணவி:
அப்படியானால் புதுமைக்கு யார் பணம் தருவார்? கடல்நீரின் நிறத்தைப் பார்த்துப் பச்சையத்தை அளக்கும் ஓஷன்சாட்-2இன் நிறமானியில் 8 அலைப்பட்டைகள், அதாவது தனித்தனியாகப் பார்க்கும் ஒளி அலைநீளப் பகுதிகள். 2022 நவம்பரில் போன ஓஷன்சாட்-3இல் 13. "எட்டு போதும், சேவை ஓடுகிறது" என்று கையெழுத்திடுபவர் சொல்லியிருந்தால் அந்த ஐந்தும் வந்திருக்காது. கலங்கல் நீரைப் பிரித்தறிய எங்களுக்குக் கூடுதல் பட்டைகள் வேண்டும்.

கோடிக்கரையான்:
பட்டை எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள் தங்கச்சி. பிடிப்புக் கணக்கை எழுதிவைக்க ஒவ்வொரு இறங்குதளத்துக்கும் ஓர் ஆள் போடுவதை எந்தக் கையெழுத்தில் சேர்ப்பீர்கள்? அதை முதலில் முடிவு செய்யுங்கள். நாங்கள் சொல்லத் தயார்.