முன்பல் இம்பிளான்ட், மேலே ஏறிய ஈறு: உங்கள் அனுபவம் என்ன?

சேலம்வாசி:
மேல் முன்பல் இம்பிளான்ட் (எலும்பில் திருகி வைக்கும் செயற்கை வேர்), அதன்மேல் கேப். போட்ட புதிதில் நன்றாகத்தான் இருந்தது. போகப்போக ஈறு மேலே ஏறி, கேப்புக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. வலி இல்லை, ஆட்டம் இல்லை. போட்ட டாக்டர் "எலும்புல நல்லா பிடிச்சிருக்கு சார், விட்டுடுங்க" என்றார். சரி என்று விட்டேன். ஆபீஸ் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது, ஸ்டுடியோ பையன் என் வாயைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, "பல்லு மேல கறுப்பா ஏதோ ஒட்டியிருக்குண்ணா, எடுத்துடவா?" என்றான். மௌஸை லேசாகத் தேய்த்தான், போயே போச்சு. இப்போது சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகிறது. யாராவது சரிசெய்து கொண்டீர்களா?

கோவை மல்லிகா:
எனக்கு மேல்வாயிலிருந்து சதை எடுத்து ஈறுக்குள் வைத்துத் தைத்தார்கள். ஈறு வலிக்கவே இல்லை, எடுத்த இடம்தான் உயிரை எடுத்தது. ராத்திரி திடீரென்று அங்கே ரத்தம். டாக்டருக்கு போன் போட்டால், "ஈரத் துணியை வச்சு கட்டைவிரலால அழுத்துங்க, வாயைத் திறக்காதீங்க" என்றார். அழுத்தினேன். அவரோ "ஹலோ, நின்னுச்சா? ஹலோ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், நான் எப்படிப் பதில் சொல்ல! நின்றுவிட்டது. இப்போது கீற்று தெரிவதில்லை. தம்பி, தைரியமாகச் செய்துகொள்ளுங்கள்.

லேப்காரன்:
மல்லிகா அக்கா, எல்லாருக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். பல் லேபில் கேப் செய்கிறவன் நான். ஒரு முன்பல் அச்சு வந்தது, இம்பிளான்ட் உதட்டை முட்டுகிற மாதிரி வெளியே நின்றது. பக்கத்துப் பல்லைவிட நீளமாகத்தான் கேப் செய்ய முடிந்தது. அந்த அம்மா அதை எப்படிப் போட்டுக்கொண்டிருப்பார் என்று இன்றும் நினைப்பேன்.

சேலம்வாசி, எலும்பு பிடிப்பது வேறு, ஈறு நிற்பது வேறு. மேல் முன்பற்களுக்கு வெளிப்பக்க எலும்பு பெரும்பாலோருக்கு 1 மி.மீ.கூட இருக்காது, பல்லைப் பிடுங்கியதும் கரையும். இம்பிளான்டும் வெளியே தள்ளி நின்றால் ஈறு ஏறத்தான் செய்யும். சுக்கெல்லி என்ற இத்தாலிய டாக்டரின் குழு 2019-இல் இதை நாலு வகையாகப் பிரித்தது. ஈறு ஏறாமல் நிறம் மட்டும் தெரிவது முதல் வகை, இம்பிளான்டின் தலையே (கேப் பக்க முனை) பக்கத்துப் பற்களின் வரிசையைத் தாண்டி உதட்டுப் பக்கம் நிற்பது நாலாவது. உங்களுடையது எது என்று முதலில் கேளுங்கள். கேப்பையும் இம்பிளான்டையும் இணைக்கும் தூணை சிர்க்கோனியாவுக்கு (வெள்ளைப் பீங்கான் வகை) மாற்றினால் நிறம் குறையலாம், ஏறிய ஈறு இறங்காது. சில டாக்டர்கள் முதலில் கேப்பைக் கழற்றி, ஈறு இம்பிளான்டின்மேல் வளர விட்டு, பிறகுதான் சதை வைப்பார்கள். பற்களுக்கு நடுவில் உள்ள முக்கோண ஈறு போயிருந்தால் அதைத் திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். சிகரெட் இருந்தால் வைத்த சதை சரியாகப் பிடிக்காது. 3டி ஸ்கேன் எடுக்காமல் யாரிடமும் கத்திக்கு உட்காராதீர்கள்.

திருச்சி பாலு:
எதற்கு இவ்வளவு? எனக்கு கேப்போடு ஈறு மாதிரி ரோஸ் நிறப் பீங்கானும் சேர்த்துச் செய்துவிட்டார்கள். பேசும்போது யாருக்கும் தெரியாது.

லேப்காரன்:
உதடு எவ்வளவு தூக்கிச் சிரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது பாலு சார். அடியில் பிரஷ் போகிறதா?

கோவை மல்லிகா:
எனக்கும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் செய்தார்கள் லேப் தம்பி. பயமுறுத்தாமல் பேசுங்கள்.

சேலம்வாசி:
சிகரெட் உண்டு. நாலாவது வகையாக இருந்தால் இம்பிளான்டையே கழற்ற வேண்டுமா? எலும்பில் பிடித்ததை எப்படிக் கழற்றுவார்கள்?