வெளிநாட்டில் ஜப்பானிய பாணி ஐடல் குழு: பாட்டு முதலா, அரங்கு முதலா?

முதல்வரிசை கேட்டது:

ஏகேபி48 என்ற ஜப்பானியக் குழுவின் வழியில் ஒரு பெண்கள் ஐடல் குழு, அதாவது மேடையில் பாடி ஆடி, ரசிகர்களை நேரிலும் சந்திக்கும் இளம்பெண்கள் குழு. அந்த வகையே இதுவரை இல்லாத ஒரு வெளிநாட்டு நகரம். திட்ட வரைவு எழுதிக்கொண்டிருக்கிறோம். பணம் போடுபவர்கள், "முதல் பாட்டையும் வீடியோவையும் பிரமாதமாக எடுத்து இறக்குவோம், பெயர் வந்தபிறகு அரங்கு பார்க்கலாம்" என்கிறார்கள். அரங்கு இல்லாமல் இந்த வகைக் குழு நிற்குமா என்பது என் முதல் சந்தேகம்.

எத்தனை பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? தேர்வு முடிந்து எத்தனை வாரத்தில் மேடை ஏற்றலாம்? ஜப்பானியத் தாய்க்குழுவிடம் உரிமம் வாங்குவதா, சொந்தப் பெயரில் போவதா? "ரசிகர்களை நேசியுங்கள், தானாக வளரும்" மாதிரியான பதில் வேண்டாம். எண்களோடு சொன்னால் வரைவில் போட்டுக்கொள்வேன்.

---

மேடைமூலை பதில்:

அரங்குதான் சரக்கு, பாட்டு அதற்கு விளம்பரம். உங்கள் ஆட்கள் விளம்பரத்தை முதலில் செய்துவிட்டுச் சரக்கை அப்புறம் தேடப் பார்க்கிறார்கள்.

ஏகேபி48 தொடங்கியது 2005 டிசம்பரில், அகிஹபராவில் டான் கிஹோத்தே கடைக் கட்டடத்தின் 8-ஆம் தளத்தில், 250 பேர் கொள்ளும் அரங்கில். முதல் நாள் டிக்கெட் எடுத்து வந்த பொதுமக்கள் 7 பேர். பார்வையை மறைக்கும் இரண்டு தூண்கள் வேறு. பெரிய இசை நிறுவனம் வழியாக முதல் சிங்கிள் வந்தது 2006 அக்டோபரில்தான். நடுவில் இருந்த மாதங்களில் முக்கியமாக விற்றது ஒன்று: போன வாரம் தடுமாறிய பெண் இந்த வாரம் எப்படி ஆடுகிறாள் என்று திரும்ப வந்து பார்க்கும் பழக்கம். ஒரு வீடியோவால் அந்தப் பழக்கத்தை உண்டாக்க முடியாது. அதன் தங்கைக் குழுவான ஜகார்த்தாவின் ஜேகேடி48 2011 கடைசியில் அறிமுகமாகி, 2012 மே மாதம் தற்காலிக அரங்கில் ஆடத் தொடங்கி, செப்டம்பரில் எஃப்எக்ஸ் சுதிர்மான் மாலின் 4-ஆம் தளத்தில் நிரந்தர இடம் பிடித்தது.

ஆள் கணக்கு: மேடையில் 16 பேர். இந்த வகை நிகழ்ச்சிகளின் நடன அமைப்பே 16-க்குப் போட்டது. ஆனால் 16 பேரை மட்டும் எடுத்தால் முதல் காய்ச்சலில் வரிசை உடையும். 24 பேரை எடுங்கள். பள்ளி, வீடு, முழங்கால் என்று ஏதோ ஒரு காரணத்தில் 4 பேர் விலகுவார்கள் என்றே திட்டமிடுங்கள். (ஏகேபி48-இன் முதல் தேர்விலும் 24 பேர் தேறி 20 பேர்தான் முதல் மேடையில் நின்றார்கள்.) மிஞ்சும் 20-இல் 4 பேர் மாற்று ஆட்கள். மாற்று ஆள் ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று இடங்களைக் கற்றிருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இரண்டு அணி வேண்டாம். செலவு இரட்டிக்கும், கூட்டம் இரட்டிக்காது.

நிகழ்ச்சி ஏறத்தாழ இரண்டு மணி நேரம், 16 பாட்டு. முதலில் 4 பாட்டு எல்லோரும், பிறகு சுய அறிமுகம், அடுத்து 2 முதல் 5 பேர் சேர்ந்து பாடும் சிறு பாட்டுகள் நாலைந்து, மறுபடி எல்லோரும், கடைசியில் கூட்டம் மறுபடி அழைத்தபின் ஆடும் என்கோர் 3. நடுவே வரும் அந்தச் சிறு பாட்டுகளை ‘வெரைட்டி’ என்று நினைத்துச் சிலர் வெட்டிவிடுகிறார்கள். அவை இருப்பதே மற்றவர்கள் உடை மாற்ற நேரம் கிடைப்பதற்குத்தான். வெட்டினால் மேடை காலியாக நிற்கும்.

ஒத்திகை: ஒருத்தி சராசரியாக 12 பாட்டில் ஆடுவாள். ஒரு பாட்டுக்கு அசைவு கற்க இரண்டு நாள், இடம் மாறிப் பழக ஒரு நாள். ஆக 36 நாள். பள்ளி விட்டு வரும் பெண்கள் வாரம் 4 நாள் வந்தால் 9 வாரம். முழு நிகழ்ச்சியையும் ஓட்டிப் பார்க்க இன்னும் 4 வாரம். 13 வாரத்துக்குக் கீழே யாராவது கணக்குச் சொன்னால், அவர்கள் உதட்டசைவை மட்டும் எண்ணுகிறார்கள் என்று பொருள்.

மேடை: 8 பேர் ஒரே வரிசையில் நிற்க 8 மீட்டர் தெளிவான அகலம், 5 மீட்டர் ஆழம். முன் விளிம்பில் நடுவில் 0, இருபுறமும் 1, 2, 3 என்று எண் ஒட்டுங்கள். இடைவெளி 90 செ.மீ. ஒத்திகை அறையிலும் மேடையிலும் அதே இடைவெளி இருக்க வேண்டும். அறையில் 1 மீட்டர், மேடையில் 90 செ.மீ. என்றிருந்தால் முதல் நாளே தோளோடு தோள் இடிக்கும். தரை காங்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸ் என்றால் அதன்மேல் மரத்தளம் போடாமல் வாரம் நாலு நிகழ்ச்சி நடத்தாதீர்கள். மூன்றாவது மாதத்தில் முழங்காலுக்குப் பட்டை கட்டியவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

---

உரிமக்கணக்கு பதில்:

உரிமம் வாங்கினால் பெயர், பாட்டுத் தொகுப்பு, நடனம், உடை வடிவம் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும். இரண்டு வருடம் பாட்டு எழுதும் வேலை மிச்சம். விலை: குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, விற்பனையில் பங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். போஸ்டரில் எழுத்துரு மாற்றக்கூட ஒப்புதல் கேட்க வேண்டிவரும். ஒவ்வொரு ஒப்புதலுக்கும் எத்தனை வேலை நாள், அதற்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எல்லை பற்றிய ஷரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏகேபி48-இன் தங்கைக் குழுவாக இருந்த ஷாங்காயின் எஸ்என்எச்48 2016-இல் பெய்ஜிங், குவாங்சோ நகரங்களுக்குத் தங்கைக் குழுக்களை அறிவித்தது. ஜப்பானியத் தரப்பு ஒப்பந்த மீறல் என்றது, இருவரும் பிரிந்தார்கள். உங்கள் உரிமம் நகரத்துக்கா, நாட்டுக்கா? இரண்டாவது குழு தொடங்கும் முதல் வாய்ப்பு யாருக்கு? உரிமம் முடிந்தால் உறுப்பினர்களின் ஒப்பந்தமும் சமூக ஊடகக் கணக்குகளும் யார் கையில்? இந்த மூன்றும் தாளில் இருக்கட்டும்.

பலரும் தவறவிடுவது மொழிபெயர்ப்பு உரிமை. ஜப்பானின் பாடல் உரிமை அமைப்பான ஜாஸ்ராக்கிடம் கட்டணம் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மேடையில் பாடும் உரிமை ஒன்று. வரிகளை வேறு மொழியில் மாற்றும் உரிமை வேறு. அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் வரும் இந்தத் தழுவல் உரிமையை ஜாஸ்ராக் கையாளுவதில்லை; இசை வெளியீட்டாளரிடம் பாட்டுக்குப் பாட்டுக் கேட்க வேண்டும். கருவியிசை ட்ராக் இன்னொரு தனி அனுமதி. 16 பாட்டுக்கும் இவை கைக்கு வருமுன் ஒத்திகை அட்டவணை போடாதீர்கள்.

சொந்தப் பெயரில் போனால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் முதல் நாளே 16 பாட்டு வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அது முடியாவிட்டால் 6 சொந்தப் பாட்டோடு 45 நிமிட நிகழ்ச்சியாகத் தொடங்குவது நேர்மையான வழி.

---

கோஷக்காரன் பதில்:

வரி மாற்றும் இடத்தில்தான் பாதிக் குழுக்கள் சறுக்குகின்றன. ஜப்பானிய மொழியில் ஏறக்குறைய ஒரு எழுத்துக்கு ஒரு சுரம். அதே சுர எண்ணிக்கையில் பல மொழிகளில் இன்னும் அதிகக் கருத்து அடங்கும். மிஞ்சும் இடத்தையெல்லாம் சொல்லால் நிரப்பினால் பாடுபவளுக்கு மூச்சு விட இடமிருக்காது. மெட்டுக்குப் பாட்டெழுதத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், மொழிபெயர்ப்பாளரிடம் அல்ல. நெடில் வரும் சுரத்தில் நெடில், பல்லவியின் முதல் சொல்லில் திறந்த உயிர் ஒலி. தலைப்புச் சொல்லை ஜப்பானியத்திலேயே விட்டுவிடுவது பல நேரம் நல்லது. கூட்டம் கத்தப்போவது அதைத்தான்.

முன்னிசையில் கை வைக்காதீர்கள். ரசிகர்கள் ‘மிக்ஸ்’ என்ற கோஷத்தைக் கத்துவார்கள்: டைகர், ஃபயர், சைபர், ஃபைபர், டைவர், வைபர், ஜாஜா! இது முன்னிசையின் எண்ணிக்கையில் அளவாக உட்காரும். வானொலிக்காக முன்னிசையைப் பாதியாக வெட்டிய ட்ராக்கை அரங்கில் ஓட்டினால் கூட்டம் பாதியில் அறுந்து நிற்கும். அரங்குக்கு முழு நீள ட்ராக், வானொலிக்கு வேறு.

கோஷம் தெரியாத நகரம் என்றால் முதல் மாதம் 10 நிமிடம் முன்னதாகக் கதவைத் திறந்து திரையில் காட்டிப் பழக்கலாம். பென்லைட் (கையில் ஆட்டும் விளக்குக் குச்சி) அனுமதி, குதிக்கத் தடை, ஆளைத் தூக்கத் தடை. இந்த விதிகள் டிக்கெட்டிலேயே அச்சாகட்டும். பழைய ரசிகர்கள் கும்பலாக முன்வரிசையைப் பிடித்துக்கொண்டால் புதியவர் மறுபடி வரமாட்டார். அகிஹபராவில் செய்துவந்தது போல டிக்கெட்டைப் பத்துப் பத்தாகப் பிரித்து, எந்தப் பத்து முதலில் உள்ளே போகும் என்று பிங்கோ உருண்டை எடுத்து அனுப்புங்கள். விடியலிலேயே வரிசை நிற்கும் வழக்கமும் அதோடு போகும்.

---

முதல்வரிசை:

நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ரசிகர்கள் டோக்கன் வாங்கி உறுப்பினரைச் சந்திக்கும் கைகுலுக்கல், உறுப்பினரோடு எடுக்கும் சேக்கி (உடனடிப் புகைப்படம்) இரண்டிலும் எவ்வளவு பேரைச் சமாளிக்கலாம்? எங்கள் வரைவில் ‘ஒருவருக்கு 10 வினாடி, மணிக்கு 360’ என்று எழுதியிருக்கிறார்கள்.

---

டோக்கன் பதில்:

360 காகிதத்தில் மட்டும். ஆள் நகர, அடுத்தவர் டோக்கன் கொடுக்க 4–5 வினாடி போகும். நிமிடத்துக்கு 4 பேர், மணிக்கு 10 நிமிட ஓய்வு, ஆக 200. ஒவ்வொரு வரிசைக்கும் நேரம் பார்த்துத் தோளைத் தொட்டு நகர்த்தும் ஒருவர் (ஜப்பானில் ‘ஹகாஷி’ என்பார்கள்), டோக்கன் வாங்க ஒருவர். சுழற்சியையும் சேர்த்தால் 16 வரிசைக்கு 40 பேர் வேண்டும். அந்தச் சம்பளம் உங்கள் வரைவில் இருக்கிறதா?

பெரிய சிக்கல் வேறு. முதல் மூன்று பெண்களின் வரிசை நிரம்பி வழியும், கடைசி ஐவரின் மேசை முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். அதை எல்லோரும் பார்ப்பார்கள், அவளும் பார்ப்பாள். டோக்கனை ஆள்வாரியாக, நேரப்பகுதிவாரியாக முன்கூட்டியே விற்று, விற்காத பகுதியை மூடிவிடுங்கள். அல்லது இருவரை ஒரே மேசையில் நிறுத்துங்கள்.

2014 மே மாதம் இவாத்தே மாநிலத்தில் ஏகேபி48-இன் கைகுலுக்கல் நிகழ்ச்சியில் ஒருவன் ரம்பத்தால் தாக்கி இரண்டு உறுப்பினர்களும் ஓர் ஊழியரும் காயமடைந்தார்கள். அதன்பிறகு உலோகச் சோதனை கட்டாயமானது. பையை முன்னாலேயே வைத்துவிட்டு, இரு கையும் விரித்துக் காட்டி வரட்டும். அன்னியரைத் தொடுவது ஏற்கப்படாத ஊர் என்றால் கைகுலுக்கலைப் பிடித்துத் தொங்க வேண்டாம். கையசைப்பும் வீடியோ அழைப்பும் போதும்.

சேக்கி: ஒருவருக்கு 45 வினாடி, மணிக்கு 80 படம். 5 வரிசை என்றால் 400 படம், 10 தாள் கொண்ட பெட்டி 40. வீணாவதற்கு இன்னும் 4 பெட்டி. படம் தெளிய ஒன்றரை நிமிடம் ஆகும், எனவே கையெழுத்துப் போட்ட படத்துக்குத் தனி வரிசை, தனி விலை. பிலிம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிறம் மாறும். வண்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். விமானத்தில் கொண்டுவந்தால் கைப்பையில் வைத்து, எக்ஸ்ரே வேண்டாம் என்று கேளுங்கள். வேகம் ஐஎஸ்ஓ 800, பெட்டிச் சோதனை எக்ஸ்ரே தாங்காது.

ரசிகர்கள் பணம் கொடுத்து வாக்களித்து உறுப்பினர்களை வரிசைப்படுத்தும் தேர்தலை முதல் இரண்டு வருடம் தொடவே வேண்டாம். ரசிகர் கூட்டம் சிறியதாக இருக்கும்போது பணக்காரர் நாலு பேர் முடிவைத் தீர்மானிப்பார்கள், மற்றவர்கள் கழன்றுகொள்வார்கள்.

---

மீன்தொட்டி பதில்:

மேடைமூலை சொல்வதோடு ஒரு சிறு கருத்து வேறுபாடு. பாங்காக்கின் பிஎன்கே48 2017-இல் அரங்கோடு தொடங்கவில்லை. எம்குவார்ட்டியர் மாலில் ஒரு கண்ணாடி அறை, உள்ளே உறுப்பினர்கள் நேரலையில் பேசுவார்கள், வெளியே கூட்டம் நின்று பார்க்கும். ரசிகர்கள் வைத்த பெயர் ‘மீன் தொட்டி’. அந்த வருடக் கடைசியில் வந்த ‘ஃபார்ச்சூன் குக்கி’ பாட்டின் தாய்லாந்து மொழி வடிவம்தான் நாடெங்கும் பரவியது. அரங்கு 2018-இல்தான் வந்தது. பணம் குறைவு என்றால் 20 சதுர மீட்டர் கண்ணாடி அறையிலும் தொடங்கலாம்.

---

மேடைமூலை:

ஒப்புக்கொள்கிறேன், அரங்கு என்று நான் சொன்னது நாற்காலியை அல்ல. இன்ன கிழமை, இன்ன மணி, இன்ன இடம் என்று மாறாமல் இருந்தால் மீன் தொட்டியும் அரங்குதான். பாட்டு பரவுவதற்கு முன்பே அந்தத் தொட்டி இருந்தது என்பதையும் உங்கள் முதலீட்டாளரிடம் சொல்லுங்கள்.

---

உரிமக்கணக்கு:

ஒன்று விட்டுப்போனது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் ஒப்பந்தத்தில் பெற்றோர் கையெழுத்து, நிகழ்ச்சி முடியும் நேரம், வீடு சேர்க்கும் வண்டி மூன்றும் எழுத்தில் வேண்டும். ஜப்பானில் 18-க்குக் கீழ்ப்பட்டவர்கள் இரவு 10 மணிக்குமேல் வேலை செய்யக் கூடாது. உங்கள் நாட்டு விதி இன்னும் கடுமையாக இருக்கலாம். காதல் தடை ஷரத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். டோக்கியோ மாவட்ட நீதிமன்றமே 2015-இல் நிறுவனத்துக்குச் சாதகமாகவும், 2016 ஜனவரியில் வேறு வழக்கில் எதிராகவும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பொது இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் எழுதுவது பாதுகாப்பான வழி.

---

கோஷக்காரன்:

ஜப்பானிலிருந்து வயர்லெஸ் மைக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் நிறுத்துங்கள். அங்கே உரிமமின்றிப் பயன்படும் 806–810 மெகாஹெர்ட்ஸ், பல நாடுகளில் கைப்பேசி சேவைக்குப் போய்விட்டது. முதல் பாட்டிலேயே கரகரக்கும், அபராதமும் வரும். உள்ளூர் அலைவரிசையில் 16 மைக், 4 உபரி. மாலில் கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் ஒருமுறை அலைவரிசை சோதனை செய்யுங்கள். காலியான காலை நேரத்தில் செய்த சோதனை சனிக்கிழமை மாலைக்கு உதவாது.