பக்கத்து வீட்டுப் பாட்டி நடத்தும் வி.பி.எஸ்.ஸுக்கு (சர்ச்சில் நடக்கும் விடுமுறை பைபிள் வகுப்பு) பையனை அனுப்பலாமா? அலபாமாவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

தேனிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வடக்கு அலபாமாவில் ஒரு சின்ன ஊரில் ஐந்து வருஷமாக இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குக் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஊரில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். கோயிலுக்கு என்றால் பர்மிங்காமைத் தாண்டி பெல்ஹாம் போக வேண்டும், எங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். மாதம் ஒரு தடவை போக முடிந்தால் பெரிய விஷயம். ஊருக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் சர்ச். வீட்டிலிருந்து மளிகைக் கடை மூன்று மைல், அதற்குள் பதினொரு சர்ச் இருப்பதாக என் பையன் எண்ணி வைத்திருக்கிறான்.

இங்கே புதிதாக யாரைப் பார்த்தாலும், பெயருக்கு அடுத்த கேள்வி "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்பதுதான். முதல் வருஷம் அந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கை கால் ஓடாது. நம் பக்கத்தில் "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பது மாதிரிதான் இது என்று போகப் போகப் புரிந்தது.

பக்கத்து வீட்டில் எழுபது வயதுக்கு மேல் ஒரு பாட்டி இருக்கிறார். கணவர் இல்லை. இங்கே பெரிய மனுஷிகளைப் பெயருக்கு முன்னால் "மிஸ்" போட்டுத்தான் கூப்பிட வேண்டும், பேரன் பேத்தி எடுத்திருந்தாலும். என் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஊர்ப் பேப்டிஸ்ட் சர்ச்சில் நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஞாயிறு வகுப்பு எடுக்கிறார்.

பிப்ரவரியில் என் மாமனார் தேனியில் தவறிவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாக இவர் கிளம்பினார். டிக்கெட் விலையும் பிள்ளைகள் பள்ளிக்கூடமும் சேர்ந்துகொள்ள, நான் இரண்டு பிள்ளைகளோடு இங்கேயே இருந்துவிட்டேன். பெட்டியோடு இவர் காரில் ஏறுவதை அந்தப் பாட்டி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். காலையில் வந்து கேட்டார், சொன்னேன். சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் நிற்கிறார், கையில் அலுமினியத் தாள் மூடிய கண்ணாடிப் பாத்திரம். சிக்கன் கேசரோல், மேலே பிஸ்கட் நொறுக்கித் தூவியது. இங்கே சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரிய விடமாட்டார்களாம், சர்ச் பெண்கள் முறை போட்டுச் சாப்பாடு கொண்டுவருவார்களாம். நம் வழக்கமும் இதுதானே! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஆனால் பதினாறு நாள் கவுச்சி சாப்பிடக்கூடாதே. தயங்கித் தயங்கிச் சொன்னேன். பாட்டி முகம் சுளிக்கவில்லை. "எத்தனை நாள்? முட்டை ஆகுமா? பால் ஆகுமா?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து யார் யாரோ வந்தார்கள். மக்ரோனி சீஸ், பூசணிக் கேசரோல், சோள ரொட்டி. ஒரு நாள் மட்டும் பீன்ஸில் பன்றி இறைச்சித் துணுக்கு கிடந்தது. பீன்ஸை அப்படித்தான் வேகவைப்பார்கள், அது காய்கறிக் கணக்குத்தான் அவர்களுக்கு. கொண்டுவந்த பெண் விஷயம் தெரிந்து மறுநாள் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார்.

ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் காகித டேப் ஒட்டி, அதில் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. நாம் எவர்சில்வரில் பெயர் வெட்டுகிறோமே, அந்த மாதிரி. துக்க வீட்டிலிருந்து எதையும் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் கழுவி அடுக்கி வைத்தேன். கருமாதி முடிந்த மறுநாள் கேசரி கிளறி, பாத்திரத்துக்குக் கொஞ்சமாகப் போட்டு, ஒன்பது வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெறும் பாத்திரமாக எப்படிக் கொடுப்பது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் இரண்டாவது வாரம் அந்தச் சர்ச்சில் வி.பி.எஸ். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, காசு கிடையாது. பையனுக்கு எட்டு வயது. அவன் வகுப்பில் பாதிப் பேர் போகிறார்கள். பாட்டி சட்டை அளவுகூடக் கேட்டுவிட்டார். அவன் தினமும் நாள் எண்ணுகிறான்.

என் வீட்டுக்காரர் கூடவே கூடாது என்கிறார். காரணம் இருக்கிறது. ஏப்ரலில் ஒரு நாள் பையன் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி வந்தவன் சாப்பிடவில்லை. ராத்திரி படுத்த பிறகு கேட்டான்: "அம்மா, தாத்தா நரகத்தில இருக்காரா?" இயேசுவை ஏற்காதவர்கள் எல்லோரும் அங்கேதான் போவார்கள் என்று பக்கத்து இருக்கைப் பையன் சொல்லியிருக்கிறான். தாத்தா செத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், தாத்தா முருகனிடம் இருக்கிறார் என்றேன். தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை.

இந்த மாநிலத்தில் நமக்குப் பயம் வருவது சும்மா இல்லை. அரசுப் பள்ளிகளில் யோகாவுக்கு 1993-லிருந்து தடை இருந்தது. 2021-ல் தடையை எடுத்தார்கள், ஆனால் ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர் மட்டும், "நமஸ்தே" சொல்லக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

அனுப்பினால் இவருக்கு வருத்தம், அத்தைக்குத் தெரிந்தால் அதைவிட வருத்தம். அனுப்பாவிட்டால், பதினாறு நாள் எனக்குச் சோறு போட்ட மனுஷியிடம் எந்த முகத்தோடு சொல்வது? பிள்ளையை அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாசரேத்தான் எழுதியது:

தங்கச்சி, நான் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவன், நெல்லைச் சீமை. டென்னசியில் பதினான்கு வருஷம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் ஏப்ரல், மே வந்தால் எங்கள் ஊரிலும் வி.பி.எஸ். உண்டு. தெருவில் இருக்கும் இந்துப் பிள்ளைகளும் வருவார்கள், பாட்டுப் பாடி, கதை கேட்டு, பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவார்கள். இங்கேயும் முக்கால்வாசி அதுதான். காலையில் வரிசையாக நின்று அமெரிக்கக் கொடி, கிறிஸ்தவக் கொடி, பைபிள் மூன்றுக்கும் உறுதிமொழி சொல்வார்கள், அது மட்டும் நமக்குப் புதிது. அப்புறம் பாட்டு, கைவேலை, விளையாட்டு.

ஆனால் பேப்டிஸ்ட் வி.பி.எஸ்.ஸில் வாரத்தின் பிற்பாதியில் ஒரு நாள், பெரும்பாலும் வியாழன், "ஒப்புக்கொள், நம்பு, அறிக்கையிடு" என்று ஒரு பாடம் வரும். இரட்சிப்பைப் பற்றியது. இயேசுவை ஏற்க முடிவெடுக்க விரும்பும் பிள்ளைகள் ஆசிரியரிடம் தனியாகப் பேசலாம் என்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் விசுவாசத்தின் நடுப்புள்ளியே அதுதான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, அவரவர் தாமே முடிவெடுத்து முழுக்கு எடுக்க வேண்டும். அதனால்தான் எட்டு வயதுப் பிள்ளையிடமும் கேட்கிறார்கள். அந்தப் பாட்டியிடம் நேரே கேளுங்கள்: "வியாழக்கிழமை என்ன நடக்கும்?" நல்ல மனுஷி என்றால் மறைக்க மாட்டார்.

எனக்கே இது நடந்தது. இங்கே வந்த புதிதில் ஒரு பேப்டிஸ்ட் சபையில் சேரப் போனோம். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது எங்கள் சபைப் பாதிரியார் ஐயர் என் நெற்றியில் தண்ணீர் விட்டுக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி முழுக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். என் அப்பாவும் அம்மாவும் என்னைக் கையில் ஏந்தி நின்ற நாளைச் செல்லாது என்று எப்படி ஒத்துக்கொள்வேன்? மெதடிஸ்ட் சபைக்குப் போய்விட்டோம். ஆனாலும் எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது முதலில் சாப்பாடு கொண்டுவந்தது அந்தப் பேப்டிஸ்ட் சபைப் பெண்கள்தான். இரண்டும் ஒரே ஆட்கள்தான் தங்கச்சி.

பேருந்தில் அந்தப் பையன் சொன்னதற்கு ஒரு கிறிஸ்தவனாக நான் வருத்தப்படுகிறேன்.

சார்லட்வாசி எழுதியது:

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. சாப்பாட்டுக்கு நன்றிக்கடன் உங்களுடையது, பிள்ளையுடையது இல்லை. அந்த வாரம் எங்காவது ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். யாருக்கும் மனக்கசப்பு வராது.

மூன்று பிள்ளைக்காரி எழுதியது:

ஜார்ஜியாவில் இருபத்திரண்டு வருஷம். மூன்று பிள்ளைகளையும் இங்கேதான் வளர்த்தேன்.

மூத்தவளை அனுப்பினேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாமவனை அனுப்பினேன். அவன் வந்து பூஜை அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "இதெல்லாம் விக்கிரகம், தூக்கிப் போடணும்" என்றான். ஆறு வயது. கோபப்படவில்லை, உட்கார வைத்துப் பேசினேன், நாலைந்து மாதத்தில் சரியானான். மூன்றாமவளை அனுப்பவில்லை. ஆக, பிள்ளையைப் பொறுத்த விஷயம் இது. உங்கள் பையன் தாத்தாவைப் பற்றி அப்படிக் கேட்டிருக்கிறான் என்றால், எதையும் மனசுக்குள் வாங்கிக்கொள்கிற பிள்ளை என்று தோன்றுகிறது. அந்தப் பாடம் நடக்கிற நாளில் அவனை அங்கே தனியாக விடாதீர்கள்.

அனுப்பினால் நீங்களும் கூடப் போங்கள். அங்கே கைக்கு எப்போதும் ஆள் தேவை. ஜூஸ் ஊற்ற, தின்பண்டம் பிரிக்க என்றால் உடனே சேர்த்துக்கொள்வார்கள்.

பேருந்து விஷயத்தை அப்படியே விடாதீர்கள். 1962-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அரசுப் பள்ளி தானாகப் பிரார்த்தனை நடத்த முடியாது. பிள்ளைகள் தங்களுக்குள் சாமியைப் பற்றிப் பேசுவதைப் பள்ளி தடுக்கவும் முடியாது. ஆனால் ஒரு பிள்ளையை அழவைக்கும்படி திரும்பத் திரும்பப் பேசினால் ஆசிரியர் தலையிடலாம். அடுத்த தடவை நடந்தால் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. முருகனிடம் இருக்கிறார் என்று சொன்னீர்களே, நல்ல பதில்மா. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் கதை இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று தடவை சர்ச்சில் கதை கேட்கிறார்கள். நம் பிள்ளைக்கு மாதத்துக்கு ஒரு தடவை கோயில், அதுவும் காரில் தூக்கம். நாங்கள் ரிவர்டேல் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் கதை சொல்லியே ஓட்டுவோம். மாம்பழக் கதையை என் பிள்ளைகள் நூறு தடவையாவது கேட்டிருக்கும்.

நர்ஸக்கா எழுதியது:

மிசிசிப்பியிலிருந்து. மருத்துவமனையில் என் கூட வேலை பார்ப்பவர்கள் பாதிப் பேர் கறுப்பினப் பெண்கள். எங்கள் ஊரில் "ஃபர்ஸ்ட் பேப்டிஸ்ட்" என்ற பெயரிலேயே இரண்டு சர்ச், வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று. இங்கே யாரைக் கேட்டாலும் அது பழைய கதை என்பார்கள், ஞாயிறு காலை பார்த்தால் தெரியும். கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா என்னை எத்தனையோ தடவை கூப்பிட்டார். ஒரு நாள் சொன்னேன்: "உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருவது போல வருகிறேன், சேர்வதற்கு இல்லை." சரி என்றார். ஈஸ்டருக்குப் போகிறேன், பொங்கலுக்கு அவர் என் வீட்டுக்கு வருகிறார். எட்டு வருஷமாக இப்படித்தான். மனசில் இருப்பதை இனிமையாகச் சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஊருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லாதீர்கள், சின்ன ஊரில் அது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

தேனிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் பாட்டி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். இனிப்புத் தேநீர் கொடுத்தார். நாசரேத் அண்ணன் சொன்ன மாதிரியே, வியாழக்கிழமை என்ன நடக்கும் என்று கேட்டேன். எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஆசிரியர் புத்தகத்தை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். "படித்துப் பார்" என்றார். படித்தேன். அண்ணன் சொன்னதேதான்.

பேருந்தில் நடந்ததையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அந்தப் பையன் யார் என்றும் கேட்கவில்லை. "ஒரு குழந்தை இன்னொரு குழந்தையிடம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது" என்றார். அது பொய் என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் நாலு பேருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன், அதை நிறுத்தச் சொல்லாதே. உன்னைக் கேட்காமல் உன் பிள்ளையிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்க விடமாட்டேன்" என்றார்.

வீட்டில் ராத்திரி பத்து மணி வரை பேச்சு. கடைசியில் இவர் ஒத்துக்கொண்டார், வியாழக்கிழமை பையன் வீட்டில் இருக்க வேண்டும், அந்தச் சனிக்கிழமை எல்லோரும் பெல்ஹாம் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. காலையில் வியாழனைப் பற்றிச் சொன்னபோது பாட்டி முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. அப்புறம் சரி என்றார். மற்ற நாலு நாளும் நான் சமையலறையில் இருப்பேன். அத்தையிடம் நாளைக்கு நானே போனில் சொல்லிவிடுவேன், வேறு யாரும் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது.

பிள்ளைகளுக்கு முறுக்கு சுட்டு எடுத்துவரட்டுமா என்று கேட்டேன். நிலக்கடலை இருக்குமா என்றார், இரண்டு பிள்ளைகளுக்கு ஒவ்வாமையாம். தேன்குழல்தான், அரிசியும் உளுந்தும் மட்டும் என்றேன். வீட்டில் இருப்பது கடலை எண்ணெய் என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இன்றைக்குப் போய்ச் சூரியகாந்தி எண்ணெய் வாங்கி வந்தேன்.